ஏழாவது மாடியும் இரண்டாவது பெல் சுவிட்சும்

பழுது பார்க்கும் தொழிலில் கெட்டதைச் சரி செய்வது பெரிய காரியம் இல்லை. எது கெட்டது, எது முதலிலிருந்தே அப்படித்தான் என்று கண்டுபிடிப்பதில்தான் உயிர் போகிறது. மிக்ஸியையோ மோட்டாரையோ பிரித்துவிட்டு, திரும்பப் பூட்டும்போது கையில் இரண்டு ஸ்குரூ மிச்சம் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள். என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

நான் திண்டுக்கல்லில் டிவி, இன்வெர்ட்டர் பழுது பார்ப்பவன். பேகம்பூர் போகிற வழியில் ஒரு சந்துக்குள் கடை. போன வருஷம் ஒரு காலையில் சிக்கந்தர் என்பவர் மினி லாரியில் ஆளுயர மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அந்தக் காலத்து வீடியோ கேம் பெட்டி. நின்றுகொண்டே ஆடுவது; மேலே திரை, கீழே ஒரு குச்சி, இரண்டு பட்டன். சிக்கந்தரின் மாமனார் யூசுப் பாய் முப்பது வருஷத்துக்கு முன்னால் பேகம்பூரில் வீடியோ கேம் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு மிஞ்சிய ஒரே பெட்டி, எரியோடு என்ற ஊர்ப்பக்கம் சொந்தக்காரர் ஒருவரின் மோட்டார் ரூமில் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. திறந்தால் உள்ளே பாதிக்குப் பாதி வெங்காயச் சருகு.

சிக்கந்தருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஸ்கூல் பேக் விற்கிற கடை வைத்திருக்கிறார். அந்த ஆட்டத்தில் ஒரு குட்டி வீரன் கோட்டைச் சுவரில் மாடி மாடியாக ஏறி, ஏழாவது மாடி உச்சியில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். பெயர் ஏதோ புரியாத எழுத்தில் இருந்ததால் ஊரில் எல்லோருக்கும் அது 'ஏழு மாடி'. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் சிக்கந்தர் அநேகமாக தினமும் ஏழாவது மாடி வரை போயிருக்கிறார். மணியை ஒரு தடவைகூட அடித்ததில்லை. கடைசித் திட்டில் நின்றதும் விழுந்துவிடுவாராம். இப்போது சுகர் வந்து விரல் நுனியெல்லாம் மரத்துக்கொண்டு வருகிறது. "சட்டை பட்டன் போடுறதே தடவித் தடவித்தான்ணே. கை முழுசா மரத்துப் போறதுக்குள்ள அந்த மணிய ஒரு தடவ அடிச்சுரணும். பெட்டி பழையபடி அப்படியே இருக்கணும், ஒண்ணும் மாத்தக் கூடாது" என்றார். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றேன். மெக்கானிக் சொல்லும் ஒரு வாரம் எத்தனை நாள் என்று உங்களுக்குத் தெரியும்.

நின்றுகொண்டிருந்த டியூப்

பெட்டியைப் பிரித்ததுமே முதல் குழப்பம். உள்ளே இருந்தது சாதாரண கலர் டிவி பிக்சர் டியூப்தான். ஆனால் அகலவாட்டில் இல்லாமல் உயரவாட்டில் நின்றது. எத்தனையோ டிவி பார்த்திருக்கிறேன், டியூப் நின்று பார்த்ததில்லை. மோட்டார் ரூமில் தூக்கிப் போட்டதில் சட்டம் கழன்று, யாரோ அவசரத்துக்குத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வெல்டிங் பட்டறையில் புதுச் சட்டம் அடித்து, முகப்புப் பலகையை இரண்டு பக்கமும் அறுத்து, டியூபை முறைப்படி படுக்க வைத்தேன். இரண்டு நாள் வேலை. முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

கரண்ட் கொடுத்தால் படம் வந்தது. ஆனால் கோட்டை பக்கவாட்டில் சரிந்து கிடந்தது, எழுத்தெல்லாம் படுத்திருந்தது. போர்டில்தான் கோளாறு என்று நினைத்து டியூபுக்குப் போகும் வயர்களை மாற்றிக் கொடுத்தேன். வலது பக்கம் தலை வைத்துப் படுத்திருந்த கோட்டை இடது பக்கம் தலை வைத்துப் படுத்தது. மூன்று நாள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். நாலாம் நாள் சிக்கந்தர் வந்தார். திரையைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். "டியூப் நின்னுக்கிட்டுத்தான்ணே இருக்கும். நீங்க படுக்க வச்சதுல நம்மாளு சுவத்துல ஏறாம தரையில தவந்து போறான்" என்றார்.

உண்டியல்

காசு போடும் ஓட்டையைத் தகரம் வைத்து ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அதற்குக் கீழே உண்டியல், அதில் ஒரு பூட்டு. சாவி இல்லை. திண்டுக்கல் பூட்டு என்பதால் ஆட்டிப் பார்த்தெல்லாம் திறக்காது. கீலைக் கழற்றித்தான் கதவை எடுத்தேன். உள்ளே காசு ஒன்றுகூட இல்லை. ஒரு ரூபாய் அளவில் வட்ட வட்டமாக இரும்புத் தகடுகள், இரண்டு கை கொள்ளும் அளவுக்குக் கிடந்தன. ஏதோ கேம் டோக்கன் என்று நினைத்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தினேன். தகரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, காசு விழும் பாதைக்கு எண்ணெய் விட்டு வழவழவென்று ஆக்கி வைத்தேன்.

பெட்டியைப் பார்க்க யூசுப் பாய் வந்தார். எண்பதை நெருங்குகிறவர், கையில் குடை, வார்த்தையைச் செலவு செய்யாத ஆள். நான் டப்பாவைத் திறந்து பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர் கடையைச் சுற்றிப் பூட்டுப் பட்டறைகள். பட்டறையில் வெட்டி எறியும் வட்டத் துண்டு ரூபாய் காசு அளவுக்கே இருக்குமாம். பையன்கள் அதைப் பை நிறைய அள்ளி வந்து போட்டு ஆடியிருக்கிறார்கள். அதனால்தான் ஓட்டையை அடைத்துவிட்டு, காசைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் மேசையில் இருந்த காலிங் பெல் சுவிட்சை அமுக்கி ஆட்டத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்த சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் ஒரு நீள வயரின் நுனியில் சுருட்டிக் கிடந்தது. மோட்டார் ரூம் சாமான் என்று நான் அதை ஓரமாகப் போட்டிருந்தேன். மாட்டி அமுக்கினால் ஆட்டம் திறந்தது.

கூடவே இன்னொரு வயரும் இன்னொரு பெல் சுவிட்சும் கிடந்தன. இது எதுக்கு பாய் என்று கேட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்தார். வாசலில் நின்று, நான் கேட்டதற்கு இல்லாமல் கேட்காததற்குப் பதில் சொன்னார்: "பூட்டுப் பட்டறைக்குப் பக்கத்துல உண்டியல் வச்சது என் தப்புதான், தம்பி."

பட்டன்

குதிக்கிற பட்டன் உடைந்திருந்தது. புதுசு வாங்கிப் போட்டேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. சிக்கந்தர் வந்து அமுக்கிப் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்றார். நான் அமுக்கினால் வீரன் குதிக்கிறான். அவர் அமுக்கினால் குதிக்கவில்லை, அல்லது மூன்று தடவை குதிக்கிறான். வேறு பட்டன் போட்டேன். அதற்கும் அதே புகார். மூன்றாவது பட்டனையும் மாற்றிய பிறகு, எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. மீட்டர் பொய் சொல்லாது தம்பி என்றேன்.

அவர் கையை விரித்துக் காட்டினார். பட்டனை அமுக்கிவிட்டோமா இல்லையா என்று அவர் விரலுக்குத் தெரியவில்லை. அதனால்தான் சும்மா தொட்டுவிட்டு விடுகிறார், இல்லை என்றால் மாற்றி மாற்றிக் குத்துகிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பழைய சாமான் கடையில் தேடி, அமுக்கினால் 'டக்' என்று நல்ல சத்தம் வருகிற ஒரு கெட்டி சுவிட்சைப் பிடித்து வந்து பட்டனுக்கு அடியில் வைத்தேன். பழையபடி இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை அங்கே மீறினேன். சிக்கந்தர் நாலு தடவை அமுக்கினார், நாலு தடவையும் வீரன் குதித்தான். "விரலுக்குத் தெரியலண்ணே, ஆனா காதுக்குத் தெரியுது" என்றார்.

மூன்று கலர்

பெட்டிக்குப் பழைய கலரே அடிக்க வேண்டும். சிக்கந்தர் பச்சை என்றார். யூசுப் பாய் போனில் நீலம் என்றார். கடைக்கு ஸ்டெபிலைசர் கொண்டுவந்த ஒருவர், தானும் அந்தப் பெட்டியில் ஆடியவன் என்றும், சிவப்பில் மஞ்சள் கோடு என்றும் சத்தியம் செய்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேலே பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் சிவப்பு, மஞ்சள் கோட்டோடு. மூன்று பேர் சொன்னதும் உண்மை. இதில் எந்தப் பழசு பழசு என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சிக்கந்தரின் மனைவி பர்வீன் வந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்த வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். யூசுப் பாய்க்கு ஒரே மகள். கடைக்காரர் மகளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கலரைக் கேட்டேன். அவர் பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். எப்போது முடியும் என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன். வழக்கமாக அதைக் கேட்டால் வாடிக்கையாளர் நம்பாமல் சிரிப்பார். இவர் நம்பிவிட்டார், முகம் வாடிவிட்டது. தாமதத்துக்கு நான் நாலு காரணத்தை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகச் சொன்னார்: "எந்தக் கலர் வேணாலும் அடிங்கண்ணே. ரெண்டு மூணு மாசம் ஆனாலும் பரவால்ல, அவசரப்பட்டு மட்டும் முடிச்சுராதீங்க."

இரண்டாவது பெல்

வேலையை இழுத்தடிக்கச் சொன்ன வாடிக்கையாளர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான். அதற்காக நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தன்னால் நாலாவது மாதம் ஆகிவிட்டது. பச்சை பெயிண்ட் அடித்தாயிற்று, டியூப் நின்றாயிற்று. மிச்சம் அந்த இரண்டாவது வயர். மீட்டர் வைத்துப் பிடித்துக்கொண்டே போனால், அது குச்சியின் வலது பக்கக் காண்டாக்டில் போய் முடிந்தது. தப்பாகப் போட்ட ஒட்டு மாதிரியும் இல்லை. சால்டர் சுத்தமாக, வேண்டுமென்றே வைத்ததாக இருந்தது. பெல்லை அமுக்கினேன். குச்சியை யாரும் தொடாமலே திரையில் வீரன் வலது பக்கம் ஒரு அடி நகர்ந்தான். மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒருவனை ஒரே ஒரு அடி நகர்த்துவதில் யாருக்கு என்ன லாபம் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

சிக்கந்தர் அன்று ஆடிப் பார்க்க வந்தார். நாலாவது மாடியில் வீரன் ஒரு குறுகலான திட்டில் நின்றான். பின்னால் உட்கார்ந்திருந்த நான் யோசனையிலேயே கையில் இருந்த பெல்லை அமுக்கிவிட்டேன். வீரன் ஒரு அடி நகர்ந்து அகழியில் விழுந்தான். சிக்கந்தர் குச்சியைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கண்டுபிடிச்சுட்டேன் தம்பி, ரெண்டாவது வயரு இதுக்குத்தான் என்று சந்தோஷமாகச் சொல்லித் தொலைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபமா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். "அப்ப நான் ஒரு நாளும் விழலண்ணே. என்னையத் தள்ளிவிட்டிருக்காங்க" என்றார்.

அசர் நேரம்

அன்று சாயங்காலமே சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கீழே மாமனார், மாடியில் மகளும் மருமகனும். கூடத்தில் யூசுப் பாய் உட்கார்ந்திருந்தார். பர்வீன் மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். டீக்குப் பக்கத்தில் சிக்கந்தர் பெல் சுவிட்சை வைத்தார். பர்வீன் அதைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

யூசுப் பாய் எதையும் மறுக்கவில்லை. ஆட்டம் தெரிந்த பையன் ஒரே காசில் முக்கால் மணி நேரம் நிற்பான். பின்னால் நிற்கிற பையன்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். "அதனால நல்லா ஆடுறவனாப் பாத்து ஒரு அமுக்கு. கடைன்னு வச்சா இப்படி ஏதாவது ஒண்ணு செஞ்சாத்தான்பா ஓடும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நானும் அதில் பங்காளி என்பது போல. முப்பது வருஷமா என் கை சரியில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் மாமா என்றார் சிக்கந்தர்.  எனக்கே கஷ்டமாக இருந்தது. பெரியவர் அதோடு விட்டிருக்கலாம். மருமகன் தன்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று இன்னும் ஒன்று சொன்னார்: "நீங்க ஸ்கூல் விட்டு வர்றது நாலரை மணிக்கு, மாப்ள. அது அசர் தொழுகை நேரம், நான் பள்ளிவாசல்ல இருப்பேன். அந்த நேரம் மேசையில யாரு உக்காந்திருந்தான்னு உங்களுக்கே தெரியும்."

தூது

மேசையில் உட்கார்ந்திருந்தது பதினோரு வயது பர்வீன். சிக்கந்தர் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு நாள். நடுவில் மாட்டிக்கொண்டது நான். அவர் மாத்திரை போட்டாரா என்று பர்வீன் எனக்கு போன் போடுவார். நான் சிக்கந்தருக்கு போன் போட்டுக் கேட்பேன். போட்டாச்சுன்னு சொல்லுங்க என்பார். ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிக்கந்தரே போன் போட்டு, இன்னைக்கு வெஞ்சனம் என்னன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே என்றார். பர்வீன் அடுப்படியில்தான் இருந்தார். நான் என் கடையில் இன்வெர்ட்டரும் கையுமாக உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் இருப்பது பீட்ரூட் பொரியல் என்று அவருக்குச் சொன்னேன்.

வயரை வைத்தவர் தப்பா, அமுக்கிய சின்னப் பெண் தப்பா, கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொன்ன என் தப்பா என்று எனக்கு விளங்கவே இல்லை. இவர்கள் பிரிந்துவிடுவார்களோ என்றுகூட ஒரு நாள் பயம் வந்தது. பர்வீனிடம் கேட்டே விட்டேன். என்ன நடந்ததுன்னு நீங்களே அவர்ட்ட சொல்லிரலாமேம்மா என்றேன்.  "சொன்னா இன்னும் நொந்து போவாருண்ணே" என்றார்.

கடைசித் திட்டு

பெட்டியைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுக் கூடத்தில் வைத்தேன். சிக்கந்தர் இரண்டாவது வயரை வெட்டச் சொன்னார். ஒன்றும் மாற்றக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். அதை ஞாபகப்படுத்தும் தைரியம் எனக்கு இல்லை. அவர் கண் முன்னாலேயே வெட்டி, நுனியில் டேப் சுற்றினேன். யூசுப் பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பர்வீன் அடுப்படி வாசலில் நின்றார்.

சிக்கந்தர் ஆடினார். மரத்துப் போன விரலோடு ஆறு மாடியை மளமளவென்று ஏறினார். ஏழாவது மாடி, கடைசித் திட்டு. அங்கிருந்து இடது பக்கம் ஒரு தாவு தாவினால் மணி. விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். நாலாவது தடவை விழுந்ததும் என்னைப் பார்த்தார். வேறு வயர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. நான் பின்கதவைத் திறந்து, ஏதாவது ஒரு கோளாறு இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே தேடினேன். எல்லாம் சரியாக இருந்தது.

ஐந்தாவது தடவை நான் திரையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். தாண்டப் போகிறவன் ஓடி வருவதற்காகப் பின்னால் ஒரு எட்டு வைப்பானே, அது மாதிரி, இடது பக்கம் தாவுவதற்கு முன்னால் அவர் கை தன்னால் குச்சியை வலது பக்கம் ஒரு தட்டு தட்டியது. திட்டில் அதற்கு இடம் இல்லை. வீரன் பின்னால் ஒரு அடி வைத்து விழுந்தான். நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒரு தடவை உண்மை சொன்னதே போதும் என்று இருந்தது. சிக்கந்தர் குச்சியை விட்டுவிட்டு, பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக மனைவியைப் பார்த்தார். பர்வீன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அத்தா சொன்னாங்கன்னு எல்லாருக்கும் அமுக்கிருக்கேன். உங்களுக்கு மட்டும் ஒரு நாளும் அமுக்கல. நீங்களாத்தான் விழுவீங்க."

ஒரு வாரம் கழித்து

 அன்று பர்வீன் கொடுத்த டீயை சிக்கந்தர் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்கதவைப் பூட்டுகிற சாக்கில் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அடுத்த வாரம் கடைக்கு வந்தார். மணி அடிச்சாச்சா தம்பி என்று கேட்டேன். இல்லை என்றார். இப்போது பர்வீன் பக்கத்தில் நின்றுகொண்டு, பின்னாடி போகாதீங்க, பின்னாடி போகாதீங்க என்று சொல்லச் சொல்ல, பதற்றத்தில் நாலாவது மாடியிலேயே விழுகிறாராம். சொல்லும்போது சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய பெல் சுவிட்சை எடுத்து என் மேசையில் வைத்தார். "இத மறுபடி மாட்டி விட்டுருங்கண்ணே, மேசையில அவளே உக்காரட்டும். விழுந்தா சொல்லிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும்ல" என்றார்.

ஆக, நாலு மாதம் பாடுபட்டு அந்தப் பெட்டியில் இருந்த பழுதையெல்லாம் நீக்கிய நான், கடைசி நாளில் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி ஒரே ஒரு பழுதை மட்டும் சுத்தமாகச் சால்டர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.